தொழில் இல்லை என்று எழுதியவர்

முப்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டங்கள். இடது ஓரத்தில் ‘முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்’, வலது ஓரத்தில் ‘சிறிதும் ஒப்புக்கொள்ளவில்லை’. தாளின் தலையில் ‘பணி மனப்பான்மை அளவீடு’ என்று தடித்த எழுத்து. பழவேற்காட்டில், கீழே ஐஸ் பெட்டிகள் அடுக்கிய ஒரு மாடி அறையில், பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த மூன்று பேரிடம் அந்தத் தாளைக் கொடுத்து, இருபது நிமிடத்தில் நிரப்பித் தரச் சொன்னார்கள். அந்த இருபது நிமிடத்தைப் பற்றி இப்போது எழுதும்போதும் எனக்கு ரத்த அழுத்தம் ஏறுகிறது. வயது என்று மருத்துவர் சொல்வார். அவருக்கு விவரம் தெரியாது.

நான் அரசு அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் இருந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். எந்தக் கோப்பு எந்த மேசையில் எத்தனை நாள் தூங்கலாம், எந்தக் கடிதத்துக்கு நினைவூட்டு எப்போது அனுப்ப வேண்டும், நினைவூட்டுக்கும் பதில் வராவிட்டால் யாருடைய பெயரில் குறிப்பு எழுத வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தூக்கத்திலும் தெரியும். ஓய்வுக்குப் பிறகு திருப்பாலைவனத்தில் என் வீட்டில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தவனை ஓர் அறக்கட்டளை தேடி வந்தது. பழவேற்காட்டு ஏரியில் ஒவ்வொரு நாளும் என்னென்ன மீன் எவ்வளவு கரைக்கு வருகிறது என்று எழுதி வைக்கும் திட்டம் ஒன்று அவர்களிடம் இருந்தது. கரைக்கு ஒருவராக மூன்று பதிவாளர்கள். அவர்களுக்கு விதிமுறை எழுத ஆள் வேண்டும் என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். பதினான்கு பக்கம். ஒற்றுப்பிழைகூடக் கிடையாது. அதன் பிறகு என்னையே ஆலோசகராகவும் வைத்துக்கொண்டார்கள்.

மூன்று பதிவாளர்களில் ஒருவர் நாற்பது வயதுப் பெண். ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டவர், பத்தாவது வரை படித்தவர். இந்த வேலைக்கு வருவதற்கு முன் பன்னிரண்டு வருடம் இறால் உரிக்கும் கொட்டகையில் இருந்தார். ஐஸ் தண்ணீரிலேயே கை கிடந்து, இறால் ஓடு குத்திக் குத்தி, விரல் நுனியெல்லாம் தோல் வெந்து வெளுத்துப் போயிருந்தது. முதல் நாள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது பேனாவை விரலின் பக்கவாட்டில் இடுக்கிப் பிடித்தார். நுனியில் பிடித்தால் எரியுமாம். எங்களிடம் வந்து ஒரு வருடத்தில் தோல் ஆறியது. வேலை போனால் திரும்பவும் கொட்டகைதான். அந்தக் குப்பத்தில் ஒரு பெண்ணுக்கு மூன்றாவது வழி என்று ஒன்று கிடையாது. இதை அவர் என்னிடம் அழுது சொல்லவில்லை. “அங்க போனா மறுபடியும் சோத்த ஸ்பூன்ல துன்ன வேண்டிதான் சார்” என்றார். அவ்வளவுதான்.

அவர் வேலை செய்வதை நான் பலமுறை போய்ப் பார்த்திருக்கிறேன். காலை ஆறு மணிக்குக் கரையில் இருக்கும் ஓலைப் பந்தலுக்கு வந்துவிடுவார். பந்தல் கம்பத்தில் தராசைத் தொங்கவிட்டு, பதிவேட்டை மடியில் வைத்துக்கொள்வார். படகு வர வர, கூடையை நிறுத்து எழுதுவார். மடவை மீன் தனி, நண்டு தனி, இறால் தனி.

“இன்னாக்கா, பரீட்சையா? எனக்கு ஒரு பத்து கிலோ சேத்து எழுதிக்கோ. கவர்மெண்டு சந்தோஷப்படட்டும்” என்பான் ஒருவன்.

“எழுதிக்கிறேன். சாயங்காலம் உம் பொண்டாட்டிகிட்ட போயி அந்தப் பத்து கிலோ எங்கேனு கேப்பேன். நீ பதில் சொல்லிக்கோ.”

பந்தலே சிரிக்கும். கூடை தராசில் ஏறும்.

படகு வராத நாளிலும் அவர் வருவார். அதுதான் விஷயம். ஏழு, எட்டு மணி வரை காத்திருந்து பார்த்துவிட்டு, தேதி போட்டு, “தொழில் இல்லை” என்று எழுதி, பக்கத்தில் காரணத்தையும் எழுதுவார். காற்று. ஊர்க்கூட்டம். நம் கரைக்கு முறை இல்லை.

முறை என்பதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். ஏரியில் குச்சி நட்டு வலை கட்டுவதற்கு நல்ல இடங்கள் கொஞ்சம்தான். அவற்றைக் குப்பங்கள் தங்களுக்குள் முறை வைத்துப் பிரித்துக்கொண்டிருக்கின்றன. இன்றைக்கு உன் முறை என்றால் நீ வலை கட்டலாம். நாளைக்கு என் முறை. உன் முறை இல்லாத நாளில், ஏரியில் மீன் துள்ளிக் குதித்தாலும் நீ கரையில்தான் உட்கார வேண்டும். மீறிப் போனால் ஊர் நடுவில் நிற்க வைத்துக் கேட்பார்கள். யாரும் போவதில்லை.

எனக்கு இது புரிய அறுபது வயது ஆனது. நான் நெல் விளைவிக்கும் குடும்பத்தில் பிறந்தவன். எங்கள் வீட்டில் விடிந்தால் கழனிக்குப் போக வேண்டும். வேலை இருக்கிறதோ இல்லையோ, போய் வரப்பிலாவது நிற்க வேண்டும். பழவேற்காட்டுக்குப் பஸ்ஸில் போகும்போது, பத்து மணிக்கு மரத்தடியில் சீட்டாடும் ஆண்களைக் காட்டி என் அப்பா, “பாரு, சோம்பேறிப் பசங்க. தண்ணி பக்கத்துலயே கெடக்குது, எறங்கறானுங்களா?” என்பார். நானும் தலையாட்டியிருக்கிறேன். பிறகு பதவியில் இருந்த காலத்தில், இந்தக் கரைக்காரர்கள் எழுதிய மனுக்களின் ஓரத்தில் அதே கருத்தை இன்னும் நாகரிகமான சொற்களில் எழுதியிருக்கிறேன். ‘மனுதாரர்களிடம் முனைப்பு குறைவாகக் காணப்படுகிறது.’ அவர்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். அடுத்தவன் பங்கைத் தொடாமல் இருப்பதற்காகச் சீட்டாடினார்கள். எங்கள் பக்கத்தில் வரப்பை நகர்த்தி அண்ணன் தம்பி கழனியை விழுங்கிய உழைப்பாளிகளை எனக்கு நிறையவே தெரியும். அவர்களை யாரும் சோம்பேறி என்று சொன்னதில்லை.

சரி, கேள்வித்தாளுக்கு வருகிறேன்.

திட்டத்துக்குப் புதிதாக ஒரு மேலாளர் வந்தார். சென்னைக்காரர், முப்பது வயது இருக்கும். மரியாதையான பிள்ளை, அதுதான் இன்னும் எரிச்சல். வந்த வாரமே பதிவாளர்களின் மனப்பான்மையை அளக்க வேண்டும் என்றார். மனப்பான்மை நன்றாக இருந்தால் வேலை நன்றாக இருக்கும், இது நிரூபிக்கப்பட்ட விஷயம் என்றார். எங்கே நிரூபித்தார்கள் என்று கேட்டேன். “உலகம் பூரா சார்” என்றார்.

கேள்விகள் இப்படி இருந்தன. ‘வாய்ப்புள்ள ஒவ்வொரு நாளும் உழைப்பவரே முன்னேறுவார்.’ ‘சும்மா இருக்கும் நேரம் வீணான நேரம்.’ ‘மற்றவர்கள் வேலைக்குப் போகாத நாளிலும் போகிறவரே சிறந்த உழைப்பாளி.’

அந்த அம்மா ஒவ்வொன்றையும் உதடு அசைய இரண்டு முறை படித்து, யோசித்து, உண்மையைக் குறித்தார். பெரும்பாலும் வலது ஓரக் கட்டம். மேலாளர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “ஏன் மேடம் இப்படிப் போட்டிருக்கீங்க?” என்று கேட்டார்.

“மத்தவங்க போகாத நாள்ல ஏரிக்குப் போறவன் இன்னாத்துக்குப் போறான் சார்? அடுத்தவன் முறையில வலை கட்டத்தான் போறான். அவன நல்லவன்னு எப்படி டிக் அடிக்கறது?”

மேலாளர் புன்னகை செய்து, தாளில் எதையோ சிறிதாக எழுதிக்கொண்டார்.

முதல் மதிப்பெண் இன்னொரு பதிவாளருக்குக் கிடைத்தது. காட்டூர் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருபவர், பட்டதாரி. முப்பதிலும் இடது ஓரக் கட்டம். அவருடைய பதிவேட்டின் புகைப்படம் தினமும் காலை ஒன்பது மணிக்கு டாண் என்று மேலாளரின் போனுக்கு வந்துவிடும். அச்சடித்தது போல் கையெழுத்து. ஒரு நாளும் காலி இல்லை. மேலாளர் அதைத் திரையில் பெரிதாகப் போட்டு எங்களுக்குக் காட்டினார். பிறகு அந்த அம்மாவின் பதிவேட்டைப் போட்டார். அவருடைய பதிவு நாட்கள் பாதியைக்கூடத் தொடவில்லை. மனப்பான்மையும் குறைவு, வேலையும் குறைவு, ஒன்றுக்கொன்று பொருந்துகிறது என்றார். மாத முடிவில் அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டாம் என்று பரிந்துரைக்கப் போவதாகவும் சொன்னார்.

பாதி எப்படி வந்தது? ‘தொழில் இல்லை’ என்று எழுதிய நாட்களைக் கணினி சேர்க்கவில்லை. விதிமுறை அப்படி. ஒன்பதாம் பக்கம், நான்காவது பத்தி: ‘மீன்வரவு பதிவு செய்யப்படாத நாள், பதிவாளர் பணிக்கு வராத நாளாகவே கருதப்படும்.’

அந்த வரியை எழுதியவன் நான். யாரும் கேட்கவில்லை, நானாகவே சேர்த்தேன். ஆளைச் சும்மா விட்டால் ஏமாற்றிவிடுவான் என்பது முப்பத்து நான்கு வருட அலுவலகத்தில் எனக்குள் ஊறிய நம்பிக்கை. என் அப்பாவின் நம்பிக்கையும் அதுதான்.

மறுநாள் அந்த அம்மா திருப்பாலைவனத்துக்கே வந்துவிட்டார். வாசலில் நின்றபடி கேட்டார்.

“சார், நான் வந்த நாள வரலைன்னு எழுதியிருக்குதாமே. யாரு சார் அந்த ரூலு போட்டது?”

“நான்தான்.”

“அப்போ நீங்களே சொல்லுங்க, நான் இன்னா பண்ணணும்? படகு வராத நாள்ல கடைல மீன் வாங்கியாந்து எட போடணுமா?”

“ரெண்டு நாள் கொடுங்கள்” என்றேன். அரசு ஊழியன் வாயில் முதலில் வரும் பதில் அது.

இரண்டு நாளும் மாடி அறையில் உட்கார்ந்து மூன்று பதிவேடுகளையும் தேதிவாரியாக ஒப்பிட்டேன். இந்த வேலையில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. மூன்றாவது நாள் காலை அந்த அம்மாவை வரச் சொல்லி, அவருடைய பதிவேட்டில் ஒரு பக்கத்தைக் காட்டினேன். ‘தொழில் இல்லை. சாவு’ என்று இருந்தது. யார் என்று கேட்டேன்.

“எங்க வூட்டுக்காரருக்குப் பெரிய நைனா சார். அந்தாண்ட கரை. எங்க ரெண்டு குப்பமும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு. காலைல கரையில எழுதிட்டு நேரா அங்கதான் போனேன். படகெல்லாம் கவுத்துப் போட்டிருந்துச்சு. சாவு எடுக்கிற வரைக்கும் யாரும் தண்ணில கால் வைக்க மாட்டாங்க.”

அந்தாண்ட கரை, காட்டூர்ப் பக்கத்துக்காரர் பதிவு செய்யும் கரை. அவருடைய பதிவேட்டைத் திறந்து அதே தேதியைக் காட்டினேன். ஆறு படகுகள் வந்திருந்தன. படகுக்காரர் பெயரோடு, எடையோடு, அழகான கையெழுத்தில். மூன்றாவது வரியை அந்த அம்மா விரலால் தொட்டார். இறந்துபோனவரின் பெயர். அன்றைக்கு அவர் பதினோரு கிலோ மடவை பிடித்து வந்திருந்தார்.

நான் எதிர்பார்த்தது போல் அந்த அம்மா கோபப்படவில்லை. பதிவேட்டை மெதுவாக மூடினார்.

“பாடைல படுத்துகினு மீன் புடிச்சாரா சார் அவரு” என்றார். பிறகு புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுதாரா சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

கோபம் எனக்கு வந்தது. அந்த வாரமே கூட்டம் கூட்டச் சொன்னேன். மேலாளர், காட்டூர்ப் பக்கத்துக்காரர், நான். இரண்டு பதிவேட்டையும் மேசையில் விரித்து வைத்தேன்.

காட்டூர்ப் பக்கத்துக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. “அன்னைக்கு வேற வேலை வந்துடுச்சு சார். கரைக்குப் போக முடியல. முந்தின வாரத்தப் பார்த்து சராசரி போட்டுட்டேன். நாள காலியா விட்டா வரலைன்னு எடுத்துப்பாங்கன்னு நீங்கதானே சார் எழுதியிருக்கீங்க?”

அந்த ஆளை அடிக்க வேண்டும் போல இருந்தது. சொன்னது உண்மை என்பதால் இன்னும் அதிகமாக.

மேலாளர் நெற்றியைத் தடவினார். “தப்புதான் சார். ஆனா இன்டென்ஷனைப் பாருங்க. ஒரு நாள்கூட விட்டுடக் கூடாதுனு நினைச்சிருக்கார். அந்த டெடிகேஷன் இருக்கு. டேட்டா எப்படி எடுக்கறதுனு சொல்லிக் குடுத்துடலாம். ஆட்டிட்யூடைச் சொல்லிக் குடுக்க முடியாது.”

“பொய்ப் பதிவு. பதினோராம் பக்கம், இரண்டாவது பத்தி. உடனடி நீக்கம்” என்றேன்.

“அது டிசிப்ளின் சார். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறது பெர்ஃபார்மன்ஸ். ரெண்டும் தனித்தனி ஃபைல்னு உங்க விதிமுறையிலேயே இருக்கு.”

இருந்தது. பன்னிரண்டாம் பக்கம்.

நான் கத்தினேன். பணியில் இருந்தவரை ஒரு முறைகூடக் கத்தாதவன், கீழே ஐஸ் உடைக்கிறவர்கள் நிமிர்ந்து பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். செத்தவர் பெயரில் மீன் எழுதுகிறவனுக்கு நல்ல மனப்பான்மை. செத்த வீட்டுக்குப் போவதற்கு முன்னும் கரைக்கு வந்து தேதி போட்டு எழுதியவருக்கு மனப்பான்மை போதாது. இதை எந்தக் கட்டத்தில் குறிப்பது என்று கேட்டேன். மேலாளர் எழுந்து வந்து என் தோளைத் தொட்டு, “தண்ணி குடிங்க சார்” என்றார்.

கடைசியில் அவர் இரண்டு விஷயங்களுக்கு ஒப்புக்கொண்டார். ஒன்று, ஒன்பதாம் பக்கத்தை நான் திருத்தலாம்: காரணத்தோடு ‘தொழில் இல்லை’ என்று எழுதினால் அதுவும் பதிவுதான். இரண்டு, அந்த அம்மாவுக்கு இன்னொரு வாய்ப்பு. ஒரு நாள் பயிற்சி, பிறகு மறுபடியும் அதே கேள்வித்தாள். காட்டூர்ப் பக்கத்துக்காரருக்கு வாய்மொழி எச்சரிக்கை. வாய்மொழி எச்சரிக்கை என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். எந்தக் கோப்பிலும் இருக்காது.

பயிற்சி நாளன்று மதியம், சாப்பாட்டு இடைவேளையில், அந்த அம்மா மாடிப்படியில் என்னைப் பிடித்துக்கொண்டார். கையில் புதுக் கேள்வித்தாள்.

“இதுல எந்தக் கட்டம் சார் போடணும்?”

“இடது பக்கம். முப்பதுக்கும்.”

“படிக்க வேணாமா?”

“படித்தால் கை வராது.”

“ஒரு கிலோ கூட்டி எழுதினாலும் பொய்னு நீங்கதான் சார் மொத நாள் சொல்லிக் குடுத்தீங்க.”

“அது பதிவேடு. இது வெறும் படிவம்” என்றேன். அந்தச் சொற்கள் என் வாயிலிருந்துதான் வந்தன.

“அப்டியா? பொய்க்கும் உங்களாண்ட தனித்தனி ஃபைலா சார்?”

படியிலேயே உட்கார்ந்து குறிக்கத் தொடங்கினார். மளமளவென்று போனார். நடுவில் ஒரு கேள்வியில் பேனா நின்றது. எட்டிப் பார்த்தேன். மற்றவர்கள் வேலைக்குப் போகாத நாளிலும் போகிறவரே சிறந்த உழைப்பாளி. பேனா முனை கட்டத்தின் மேல் நின்றது, எடுத்தார், மறுபடி வைத்தார். கீழே இறால் ஏற்றிய வண்டி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் தன் வலது கை விரல்களை ஒரு முறை விரித்துப் பார்த்துக்கொண்டார். பிறகு குறித்தார். மீதியை ஒரே இழுப்பில் முடித்து, தாளை என்னிடம் தராமல், தானே மேலே கொண்டுபோய்க் கொடுத்தார்.

முழு மதிப்பெண்.

இரண்டு வாரத்தில் மேலாளரின் அறிக்கை என் மேசைக்கு வந்தது. திருத்தப்பட்ட விதிப்படி பழைய மாதங்களையும் கணினி மறுபடி கணக்கிட்டதில், அந்த அம்மாவின் பதிவு நாட்கள் ஏறக்குறைய முழுமையாகிவிட்டன. அவர் ஒரு நாள்கூட வேறு விதமாக வேலை செய்யவில்லை. நான் ஒரு வரியைத் திருத்தினேன். அறிக்கை வேறு மாதிரி சொன்னது. ‘பயிற்சிக்குப் பின் பதிவாளரின் பணி மனப்பான்மை கணிசமாக உயர்ந்துள்ளது. அதன் விளைவாக அவரது பணித்திறன் இரு மடங்காகியுள்ளது.’ பக்கத்தில் இரண்டு கோடுகள் கைகோத்து மேலே ஏறும் வரைபடம். கீழே, ‘சரிபார்த்தேன்’ என்ற சொல்லுக்கு அடியில், ஆலோசகர் கையெழுத்துக்கான இடம்.

மேலாளரிடம் போய், தேதிகளைப் பாருங்கள், உயர்ந்ததாகச் சொல்லும் மாதங்கள் பயிற்சிக்கு முன்னால் வருகின்றன என்றேன். “டிரெண்ட் தான் சார் முக்கியம்” என்றார். கையெழுத்துப் போடாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் மிரட்டவில்லை. நிஜமாகவே வருத்தப்பட்டுச் சொன்னார். “அறிக்கை போகலைன்னா அவங்க ரின்யூவல் நின்னுடும் சார். முப்பதாம் தேதி கடைசி.”

எனக்கு நடைமுறை தெரியும். மாற்றுக் குறிப்பு எழுதலாம். மேலிடத்துக்கு முறையீடு அனுப்பலாம். அதற்குப் பதில் வர இரண்டு மாதம் ஆகும். பதில் நமக்குச் சாதகமாகவே வந்தாலும், அந்த இரண்டு மாதமும் அந்த அம்மா கொட்டகையில் ஐஸ் தண்ணீரில் இருப்பார். பெரும்பாலும் பதில் வராது. கீழிருந்து வந்த அப்படிப்பட்ட முறையீடுகளுக்கு நானே எத்தனை முறை பதில் அனுப்பாமல் இருந்திருக்கிறேன்.

சரிபார்த்தேன் என்று கையெழுத்துப் போட்டுத் தேதியிட்டேன். என் பதவிக்காலம் முழுவதும், அடித்தல் திருத்தலுக்குச் சுருக்கொப்பம் இல்லை என்று சொல்லி மற்றவர்களின் கோப்புகளைத் திருப்பி அனுப்பியவன். இனி எங்காவது ஒரு கூட்டத்தில், நல்ல மனப்பான்மைதான் நல்ல வேலையைத் தருகிறது என்பதற்கு ஆதாரமாக யாராவது அந்த வரைபடத்தைக் காட்டுவார்கள். கீழே என் பெயர் இருக்கும். அதைக் காட்டி, முறைக்குக் காத்திருக்கும் எந்தக் கரைக்காரருக்கு எந்த வேலையை மறுப்பார்களோ, தெரியாது.

புதுப்பிப்பு உத்தரவைத் தபாலில் அனுப்பியிருக்கலாம். நானே கொண்டு போனேன். அன்றைக்குக் கரையில் வாடைக்காற்று பலமாக அடித்தது. படகுகள் எதுவும் போகவில்லை. அந்த அம்மா பந்தலில் தனியாக உட்கார்ந்து, பக்கம் பறக்காமல் முழங்கையால் அழுத்திக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தார். உத்தரவை வாங்கிப் படித்தார், முழுவதும் படித்தார். மடித்துப் பிளாஸ்டிக் பைக்குள் வைத்தார்.

“காட்டூர்க்காரருக்கும் வந்துடுச்சா சார்?”

“வந்துவிட்டது.”

“எனக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“முன்னாடி.”

தலையசைத்தார். பந்தலில் இன்னொரு ஸ்டூல் காலியாகத்தான் கிடந்தது. அவர் அதைக் காட்டவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு பதிவேட்டைத் திரும்ப மடியில் வைத்து, பாதியில் விட்ட வரியை எழுதத் தொடங்கினார். நான் காற்றுக்கு முதுகைக் காட்டி, பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தேன்.